ஆர்ச் காலேஜில் படித்தவள்

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி உள்ளே போனால் வருகிற அந்தப் பொறியியல் கல்லூரிக்குப் பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. வகுப்பறைகள் எழும்புவதற்கு முன்பே ரோட்டோரத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு வளைவைக் கட்டி, உச்சியில் தாளாளருடைய அப்பாவின் மார்பளவு சிலையையும் வைத்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் முதல் எல்லோருக்கும் அது ஆர்ச் காலேஜ்தான். 2009-ஆம் வருஷம் ஜூலையில் கவிப்பிரியா அதைத் தேர்ந்தெடுத்தாள். யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. அவளாகவே கேட்டு வாங்கினாள். பிற்பாடு அந்தக் கல்லூரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவளை முதலில் உறுத்தியது இதுதான்.

அவளுடைய அப்பா ரகுபதிக்கு இருந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. வந்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் வரிசையாக எட்டு அறைகள் கட்டி, கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கவுன்சிலிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய திரையில் கல்லூரிகளின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய கல்லூரியில் மெக்கானிக்கலில் மூன்று இடம் மிச்சம் இருந்தது.

"உனக்கு இன்னா தோணுதோ அத்த சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ரகுபதி.

கவிப்பிரியாவுக்குத் தோன்றியது இதுதான். கார் கம்பெனிகள் எல்லாம் ஒரகடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆர்ச் காலேஜ் அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. வேலைக்கு ஆள் தேடுகிறவன் பக்கத்து வாசலை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கா போவான்? கல்லூரிக்காரர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் மஞ்சள் நிற ரோபோ ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. நூறு சதவீதம் வேலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விடுதியில் தங்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கோயம்புத்தூர் இடம் அவளுக்கு அடுத்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று.

அறை ஒன்றில் குடியிருந்த இசக்கிசெல்வி மட்டும்தான் முகத்தைச் சுளித்தாள். அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் பாகங்கள் பூட்டுகிற லைனில் நின்றுகொண்டிருந்தாள். கவிப்பிரியாவைவிட இரண்டு வயது மூத்தவள்.

"ஏட்டி கவி, உள்ள போயி நல்லா பாத்தியா? இல்ல வாசலைப் பாத்துட்டு வந்தியா?"

"பாத்தேன் செல்விக்கா. சூப்பரா கீது."

அவள் பார்த்தது வரவேற்பறையைத்தான். அங்கே குளிர்சாதனம் ஓடியது, தோல் சோபா இருந்தது, தட்டில் முந்திரி வைத்தார்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே வரவேற்பறைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடிச் சுவர்கள் பூசப்படவே இல்லை. முந்நூறு பெண்களுக்குக் கழிப்பறை இரண்டு. அதில் ஒன்றுக்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில். மற்றதில் தண்ணீர் வராது. மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் நாற்றம் தாங்காது. பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். பாடம் நடத்த வந்தவர்கள் போன வருஷம்தான் படிப்பை முடித்தவர்கள். அவர்களுடைய சான்றிதழ்களையும் நிர்வாகம் வாங்கிப் பூட்டிவைத்திருந்ததால், நினைத்தாலும் ஓட முடியாமல் இருந்தார்கள். புத்தகத்தை வாசிப்பார்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பட்டறைக் கூடத்துக் கண்ணாடிக் கதவில் எப்போதும் பூட்டு தொங்கும். அதற்குள் மஞ்சள் ரோபோ எதுவும் இல்லை.

வீட்டில் கேட்டால், "நல்லா போகுதுப்பா" என்பாள். தானே கேட்டு வாங்கியதைத் தானே எப்படிக் குறை சொல்வது?

இரண்டாம் வருஷம், கல்லூரிக்கு அங்கீகாரம் தருகிற ஆய்வுக்குழு வருகிறது என்றார்கள். இரண்டு நாள் முன்னதாக ஒரு லாரி வந்தது. லேத் என்கிற கடைசல் இயந்திரங்கள் நான்கு, இரும்பைச் சீவுகிற ஒரு மில்லிங் இயந்திரம், கட்டுக்கட்டாகப் புத்தகங்கள், இருபது கணினிகள் எல்லாம் இறங்கின. பூட்டியிருந்த கழிப்பறை திறக்கப்பட்டு, பினாயில் மணக்க மணக்கக் கழுவப்பட்டது. ஆய்வு நாளுக்கு மட்டும் புதிதாக ஆறு பேராசிரியர்கள் வந்தார்கள். பிள்ளைகள் அவர்களுடைய பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. நிர்வாக அலுவலர் தசரதன் வகுப்பு வகுப்பாக வந்து, தெளிவாகப் பேசுகிறவர்களைப் பொறுக்கினார். கவிப்பிரியாவைக் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"கேட்டா கடகடன்னு சொல்லணும் இன்னா? வாரத்துக்கு ஆறு மணி நேரம் வேல செய்றோம்னு சொல்லு. முழிச்சிக்கினு நிக்காத."

ஆய்வுக்கு வந்தவர்களில் வயதான ஒருவர் அவளிடம் நின்றார். இயந்திரத்தின் பாகங்களைக் கேட்டார். படத்தில் படித்ததை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். "இதுல எவ்வளவு நேரம் வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"வாரத்துக்கு ஆறு மணி நேரம் சார்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அத்தனை கனமான இயந்திரத்தைத் தரையில் ஒரு போல்ட்கூடப் போட்டு இறுக்கவில்லை. பச்சை வண்ணம் அடித்த நான்கு மரக்கட்டைகளின் மேல் அது உட்கார்ந்திருந்தது. வண்ணம் இன்னும் காயவில்லை. அவருடைய ஷூ நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு "குட்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் லாரி திரும்பி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. கழிப்பறைக்கு மறுபடியும் பூட்டு விழுந்தது.

தசரதன் அவளுக்குப் பேனா ஒன்று பரிசாகக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வீட்டில் அம்மா அம்சவல்லி தோசை சுட்டுவைத்திருந்தாள். ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவைத்தாள். பொய் சொன்னது பெரிதாகத் தெரியவில்லை. எவ்வளவு நன்றாகச் சொன்னோம் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

செய்முறைத் தேர்வும் அந்த லட்சணத்தில்தான் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் மொத்தமாகக் கடைந்து வாங்கிய இரும்புத் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்து, அதில் தன் தேர்வு எண்ணை அடித்துக் கொடுத்தால் போதும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடியே மார்க் போட்டார். கவிப்பிரியாவுக்குத் தொண்ணூற்றேழு. அவள் கடையாத இரும்பு அது.

மூன்றாம் வருஷம் அவள் ஒரு வேலை செய்தாள். பட்டறைக் கூடத்தை வாரம் ஒருமுறையாவது திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வகுப்பில் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் கொடுத்தாள். அன்று மாலைக்குள் பதினொரு வீடுகளுக்கும் தசரதனிடமிருந்து போன் போயிற்று. உங்கள் பிள்ளை ஸ்ட்ரைக் பண்ணுகிறது, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று. மறுநாள் எட்டு பேர் வந்து, தங்கள் பெயரை அடித்துவிடச் சொல்லி அழுதார்கள். அந்தத் தாளைத் தசரதன் அவள் கண் முன்னாலேயே நான்காக மடித்து, டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"படிக்க வந்தியா, சங்கம் வைக்க வந்தியா?"

அதற்குப் பிறகுதான் அவள் வெளியே தேட ஆரம்பித்தாள். கம்பெனியில் இரண்டு வாரம் பயிற்சி பெற வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருந்தது. மற்றவர்கள் அதற்கான சான்றிதழைப் போகாமலே வாங்கிக்கொண்டார்கள். கவிப்பிரியா தொழிற்பேட்டையில் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். நான்கு இடத்தில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பினார். ஐந்தாவது, அச்சுகளும் அளவுக் கருவிகளும் செய்கிற சின்ன டூல்ரூம். அங்கே தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன் அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரன், டிப்ளமோ படித்தவன், அவளைவிட நாலைந்து வயதுதான் கூட.

அவன் ஒரு வெர்னியர் அளவுகோலையும் சுண்டுவிரல் தடிமனில் உருண்டையான ஒரு எஃகுத் துண்டையும் அவள் முன்னால் வைத்தான். "தடிமன் எத்தனை மில்லிமீட்டர்னு பாத்துச் சொல்லுங்க."

வெர்னியரின் சூத்திரம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். கையில் பிடிப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபத்தொண்ணு புள்ளி நாலு" என்றாள்.

அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இது பன்னெண்டு. கண்ணால பாத்தாலே தெரியும்லா. மூணு வருஷமா மெக்கானிக்கல் படிக்கேன்னு சொல்லுதீங்க?"

"படத்துல பாத்திருக்கேண்ணா."

அவன் பக்கத்து மேஜைக்குப் போய்த் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். முகம் எரிந்தது. அரை மணி கழித்து அவன் நிமிர்ந்தான்.

"சனிக்கிழமை ஆள் வரமாட்டேங்கான். சுருள் கூட்டித் தள்ளணும், எண்ணெய் தொடைக்கணும். சம்மதம்னா வாங்க. சொல்லிக்குடுக்க எனக்கு நேரம் கெடையாது."

அவள் பதினைந்து மாதம் சனிக்கிழமைதோறும் போனாள். கடையும்போது உதிர்ந்த இரும்புச் சுருள்களைக் கூட்டினாள். விரல்களில் கீறல் ஆறுவதற்குள் புதுக் கீறல் விழுந்தது. அவன் அளந்து முடித்துக் கழித்துப் போட்ட துண்டுகளை எடுத்துத் தானும் அளந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய அட்டையில் எழுதுவாள். அவன் போகிற போக்கில் பார்த்துவிட்டு, தப்பாக இருந்தால் சுண்டுவிரலால் தட்டிக் காட்டுவான். அவ்வளவுதான் பாடம். கல்லூரி நூலகத்தில், தொடங்கிய வருஷம் அங்கீகாரத்துக்காக வாங்கி, உறைகூடப் பிரிக்காத புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன; எல்லாம் அளவுகளையும் தரத்தையும் பற்றியவை. நூலகரோடு மூன்று நாள் வாதாடி அலமாரியைத் திறக்கவைத்தாள். நான்கு வருஷத்தில் அந்தக் கட்டடம் அவளுக்குக் கொடுத்த ஒரே நல்ல பொருள் அதுதான். அதைக்கூட அவள் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

2013-இல் கேம்பஸ் வேலைவாய்ப்பு வந்தது. வந்தது கார் கம்பெனி இல்லை, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். நாற்பத்து மூன்று பேரை வரிசையில் நிறுத்தினார்கள். பெயர் என்ன, நைட் ஷிப்ட் முடியுமா, கண் தெரியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் தேர்வாகிவிட்டார்கள். ஒரே ஒரு பூங்கொத்து இருந்தது. அது கைக்குக் கை மாற, ஒவ்வொருவராக அதைப் பிடித்துக்கொண்டு தாளாளருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் வருவதற்குள் ரோஜாக்கள் தலை தொங்கிவிட்டன. வேலைக்குப் போய்ப் பார்த்தால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வயர்களைக் கட்டி அடுக்கும் லைன். இரு பக்கமும் நின்றவர்கள் பிளஸ் டூ முடித்த பெண்கள். அவளைவிட வேகமாகக் கட்டினார்கள். எட்டாம் நாள் அவள் நின்றுவிட்டாள். அந்தோணிராஜின் டூல்ரூமில் போய்க் கேட்டாள். முதலாளி அவளுடைய பட்டத்தைப் பார்க்கவே இல்லை. அளவு பார்க்கச் சொன்னார், பார்த்தாள், எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வல்லம் வடகாலில் புதிதாக வந்த ஒரு பெரிய கம்பெனியில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தாள்.

இவ்வளவும் நடந்ததை அவள் யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை. பொண்ணு படிச்சது, வேலைக்குப் போயிடுச்சு என்று ரகுபதி டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மௌனம் என்ன வேலை செய்தது என்பது 2015 ஜூனில்தான் தெரிந்தது.

செல்போன் கம்பெனி மூடியபிறகு இசக்கிசெல்வி வேறொரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு அதே அறையில்தான் இருந்தாள். அவளுடைய தங்கை பேச்சி பிளஸ் டூவில் கவிப்பிரியாவைவிடக் கூடுதலாகவே மார்க் எடுத்திருந்தாள். ஊரிலிருந்து அவளை வரவழைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்கள்.

"கவி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசல்ல உன் போட்டோ பாத்தோம்லா! ஆள் உயரத்துக்கு ஆர்ச் காலேஜ்காரன் பேனர் வச்சிருக்கான். நீ படிச்ச எடமாச்சேன்னு பேச்சியை அங்கயே சேத்துட்டேன். கவுன்சிலிங்கே போவாண்டாம்னுட்டாங்க. சர்டிபிகேட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க."

கவிப்பிரியாவின் கையிலிருந்த லட்டு அப்படியே நின்றது. "எல்லாத்தையுமா? ஒரிஜினலா?"

"ஆமா. ஏன் கேக்க?"

அவள் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அவள் முகம், பூங்கொத்தோடு. அருகில் அவள் கால்கூட வைத்திராத ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் பெயர். கீழே டிசைன் இன்ஜினியர் என்ற பட்டம். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் அதன் நிழலில் நின்றிருந்தார்கள். யாரோ அவளுடைய தாடைக்குக் கீழே வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். துடைக்க வேண்டும்போலவும் இருந்தது, தானும் துப்ப வேண்டும்போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஆறு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் இசக்கிசெல்வியிடம் சொன்னாள். இசக்கிசெல்வி இனிப்புப் பொட்டலத்தை மடித்து மூடினாள். பிறகு, "இத ஒரு வாட்டியாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

பேச்சியின் கவுன்சிலிங்குக்கு நாலு நாள்தான் இருந்தது. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மறுநாள் மூவரும் ஆர்ச் காலேஜுக்குப் போனார்கள். தசரதனின் அறையில் அதே குளிர், அதே முந்திரித் தட்டு.

"வாம்மா வா! நம்ம காலேஜ் ஸ்டாரு!"

"சார், இந்தப் பொண்ணோட சர்டிபிகேட் வேணும். போட்டோவ ஏன் சார் போட்டீங்க? நான் அந்தக் கம்பெனில வேலையே செய்யல."

"அது டிசைன் பண்ணவன் மாத்திப் போட்டுட்டாம்மா. நல்லாத்தானே கீது? சர்டிபிகேட்டா? அட்மிஷன் முடிஞ்சிடுச்சே. திருப்பித் தர்றதுன்னா தாளாளர் கையெழுத்து வேணும். அவரு சிங்கப்பூர் போயிக்கீறாரு. அடுத்த மாசம் வந்து பாரு."

"மூணு நாள்ல கவுன்சிலிங் சார்."

"தெரியுமே" என்றார் தசரதன். ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். கீழ ஹால்ல பேரன்ட்ஸ் வந்துகீறாங்க. அரை மணி நேரம் அவங்களோட நில்லு. பொய் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. இங்க படிச்சேன்னு சொல்லு, வேலையில கீறேன்னு சொல்லு. ரெண்டும் நெசந்தானே? நீ மேல வர்றதுக்குள்ள சர்டிபிகேட் கவர் ரெடியா இருக்கும்."

"வேண்டாம் கவி. போலீசுக்குப் போவோம்" என்று இசக்கிசெல்வி எழுந்தாள். பேச்சி எழவில்லை. அவள் கவிப்பிரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீசுக்குப் போனால் மூன்று நாளில் ஒன்றும் நடக்காது என்று கவிப்பிரியாவுக்குத் தெரியும். அவள் கீழே இறங்கிப் போனாள்.

கூடத்தில் சந்தனம் மணத்தது. வந்தவர்கள்மேல் பன்னீர் தெளித்தார்கள். எழிச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த கன்னியப்பன் என்பவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். மகள் பெயர் யுவஸ்ரீ. கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டியாக இருப்பதாக அவரே சொன்னார்.

"நீதானே அந்த போட்டோல கீற பொண்ணு?"

"ஆமாங்க."

"இங்கதான் படிச்சியா?"

"ஆமாங்க."

"காலேஜுக்கே வந்து வேல குடுத்தாங்களாமே?"

"வந்தாங்க."

"எம் பொண்ணும் உன்ன மாரியே மெக்கானிக்கல்தான் கேக்குது. சேக்கலாமாம்மா?"

தசரதன் இரண்டு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கவிப்பிரியா யுவஸ்ரீயைப் பார்த்தாள். அந்தப் பெண் கூடத்து மேல்விதானத்து விளக்குகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க இஷ்டங்க" என்றாள்.

கன்னியப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் மூன்று குடும்பங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டன. மேலே கவர் தயாராக இருந்தது. மூவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். கவிப்பிரியாவின் துப்பட்டாவில் பன்னீர் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை துவைத்தாள். பிறகும் போகாததால் அடுப்பங்கரைக்குக் கரித்துணியாகக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டு, பேச்சியைச் சென்னையில் இருந்த ஒரு பழைய கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வரவேற்பறை என்று ஒன்றும் அங்கே இல்லை. சுவரெல்லாம் மழைக் கறை.

"எக்கா, ரொம்பப் பழசால்லா கெடக்கு?" என்றாள் பேச்சி.

"கெடக்கட்டும். பட்டறை எங்கன்னு கேளு."

பட்டறையில் இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சட்டையெல்லாம் எண்ணெய். லேப் எப்போது திறப்பார்கள் என்று பேச்சி ஒரு பையனிடம் கேட்டதும் அவன் விழித்தான். "எப்ப மூடுவாங்கன்னு கேளுங்க. எங்களுக்கே விட்டாப் போதும்னு இருக்கு." பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் கழித்துக் கவுன்சிலிங்கில் பேச்சி அந்தக் கல்லூரியைத்தான் கேட்டாள், கிடைத்தது. இசக்கிசெல்வி கவிப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கவிப்பிரியாவுக்குக் கன்னியப்பனின் சட்டை மடிப்புதான் ஞாபகத்தில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எழிச்சூருக்குப் போய் விசாரித்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். லாரியில் வந்த இயந்திரங்கள், வாங்கிக் கொண்டுவந்த இரும்புத் துண்டுகள், போட்டோ, கவர். கன்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"அன்னிக்கி அவ்ளோ நல்லா சொன்னியேம்மா. இன்னிக்கி வந்து இப்டி சொல்ற. எத்த நம்புறது நானு? வேற காலேஜ்காரன் எவனாச்சும் அனுப்பிச்சானா உன்ன? ஆள் புடிச்சிக் குடுத்தா கமிஷன் தருவாங்களாமே?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். வீட்டுக்குள்ளிருந்து யுவஸ்ரீ எட்டிப் பார்த்தாள். கவிப்பிரியா தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

அக்டோபரில் போன் வந்தது.

"அக்கா, நான் யுவஸ்ரீ. வேற காலேஜுக்கு மாற முடியுமாக்கா?"

கவிப்பிரியா மறுபடியும் லீவு போட்டாள். அவளைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வருஷம் முடியட்டும், மே மாதம் வந்து படிவம் வாங்குங்கள், இப்போது இருக்கிற கல்லூரி ஆட்சேபம் இல்லையென்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். தசரதன் அப்படி எழுதித் தருவாரா என்பதை இருவருமே பேசவில்லை. கிண்டியில் மின்சார ரயில் ஏறினார்கள். கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதுவரைக்கும் என்ன செய்யலாம் என்று கவிப்பிரியா சொல்லிக்கொண்டே வந்தாள். சனிக்கிழமைகளில் டூல்ரூமுக்கு வா, அந்தோணிராஜ் அண்ணனிடம் சொல்கிறேன். நூலகத்தில் கடைசி அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேள். தனியாகக் கேட்காதே, நாலு பேராகப் போ. யுவஸ்ரீ தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வண்டலூர் தாண்டியதும் கேட்டாள்.

"அன்னிக்கி ஹால்ல ஏன்கா அப்டி சொன்னீங்க?"

கவிப்பிரியா மழுப்பவில்லை. "இன்னொரு பொண்ணோட சர்டிபிகேட் அவங்ககிட்ட மாட்டிக்கினு இருந்துது. அத்த வாங்கறதுக்கு."

"வாங்கிட்டீங்களா?"

"ம்."

"அப்ப என்னுது?"

கவிப்பிரியா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பார்த்தால் தப்பித்துக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியதும் யுவஸ்ரீ முதல் ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இடத்தில் ஏறிக்கொண்டாள். "சனிக்கிழமை எத்தன மணிக்குக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு மணிக்கு" என்றாள் கவிப்பிரியா. ஆட்டோ கிளம்பிப் போயிற்று. அவள் அடுத்த வண்டிக்கு நின்றாள்.